பாலக்காட்டுக் கணவாயும் படைகளும்

சென்ற ஆண்டு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், நம் காலனிக் குழந்தைகளைப் பாலக்காட்டுக் கோட்டையைக் காண அழைத்துச் சென்றிருந்தோம். அகழியைச் சுற்றி நடந்து, மதில் மேல் ஏறி இறங்கி, மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். இக்கோட்டையைக் கட்டியவர் ஐதர் அலி என்றும், பலமுறை முற்றுகையிட்டவர் ஆங்கிலேயர் என்றும் நமக்குத் தெரிந்தவரையில் எடுத்துச் சொன்னோம். புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு சிறுவன் கேட்டான்: "அப்போ நாமெல்லாம் எந்தப் பக்கம் தாத்தா?"

பெரியவர்களாகிய நம்மிடம் மூன்று விடைகள் இருந்தன. ஆங்கிலேயரை எதிர்த்தவர் பக்கமே நாம் என்றார் ஒருவர். திப்புவின் படை இங்குச் செய்த கொடுமைகளை மறக்கலாகாது, எதிர்ப்பக்கமே நாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கு ஏது பக்கம்?" என்று முடித்துவிட்டார். திரும்பும் வழியில் வண்டிக்குள் எழுந்த வாக்குவாதம் வாளையாறு வரையில் ஓயவில்லை. சிறுவனோ உறங்கிவிட்டான். அவன் கேட்ட கேள்விக்கு நாம் கொடுத்த மூன்று விடைகளும் அரைகுறையானவை என்பது, பின்னர் நூல்களைப் புரட்டியபோது தெரிந்தது. அதனை மலரின் வாயிலாகவேனும் அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கேயிருந்து தெற்கு நோக்கி மதில்போல் வருகிறது. நீலகிரி முடிந்து ஆனைமலை தொடங்கும் இடத்தில் மட்டும் அம்மதிலில் ஒரு பெருவாயில் திறந்திருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். இருபுறமும் மலைகள் ஆயிரக்கணக்கான அடி உயர்ந்து நிற்க, வாயிலின் தரையோ கடல் மட்டத்திற்குச் சுமார் 140 மீட்டர் மேலேதான் கிடக்கிறது. கோடையின் முடிவில் தென்மேற்குக் காற்று இதன் வழியாகப் புகுந்துதான் கோயமுத்தூர்ச் சமவெளியைக் குளிர்விக்கிறது. பழங்காலத்தில் முசிறித் துறையில் இறங்கிய யவனப் பொன் கருவூர் சென்றதும் இவ்வழியே என்பர்; கோயமுத்தூர்ப் பக்கத்தில் வெள்ளலூர் முதலிய இடங்களில் கிடைத்த உரோமக் காசுகள் அதற்குச் சான்று. காற்றும் வணிகமும் நுழையும் வழியில் படையும் நுழையும் அன்றோ? ஆதலின், தென்னாட்டில் ஒரு கடற்கரையிலிருந்து மற்றொரு கடற்கரைக்குப் பீரங்கி வண்டியை உருட்டிச் செல்ல விரும்பியவர் எவரும் இவ்வாயிலை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஐதர் அலி இவ்வாயிலைத் தானே தேடி வரவில்லை, அழைக்கப்பட்டார். 1757ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் படையெடுப்புக்கு அஞ்சிய பாலக்காட்டு அச்சன், அப்போது திண்டுக்கல்லில் மைசூரின் படைத்தலைவராக இருந்த ஐதரிடம் தூதனுப்பி உதவி கேட்டார். ஐதர் தம் மைத்துனர் மக்தூம் சாகிபின் தலைமையில் 2,000 குதிரை வீரரையும் 5,000 காலாட்களையும் 5 பீரங்கிகளையும் அனுப்பினார். சாமூதிரி பின்வாங்கி, போர்ச் செலவுக்கு ஈடாகப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். தொகை வந்து சேரவில்லை. அக்கடனைக் காரணம் காட்டியே 1766இல் ஐதர் மலையாளத்தின்மீது படையெடுத்தார். கள்ளிக்கோட்டையில் சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீயிட்டு மாண்டார். அண்டை வீட்டுக்காரனை அடக்க அயலூரானை அழைத்தவர் கதை நம் நாட்டு வரலாற்றில் புதிதன்று.

அவ்வாண்டு மழைக்காலத்தில் நாயர்கள் கிளர்ந்தெழுந்தனர். மழைக்காலத்தில் மைசூரின் குதிரைப்படை வர இயலாது என்பது அவர்களுடைய கணக்கு. அக்கணக்கைப் பொய்யாக்க எண்ணிய ஐதர், குதிரைகளுக்குச் சேணம் இல்லாமலே வீரரை ஏறச் செய்து, ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மெழுகுத்துணிக் குடை கொடுத்து அழைத்து வந்தார் என்று அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கிளர்ச்சி கொடிய முறையில் அடக்கப்பட்டது. அதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அதே ஆண்டில்தான் பாலக்காட்டில் இக்கோட்டை எழுந்தது. மழைதோறும் கோயமுத்தூரிலிருந்து ஓடிவர வேண்டியதில்லை. வாயிலிலேயே நெல்லும் வெடிமருந்தும் சேர்த்து வைத்துக் காவலும் வைத்துவிட்டால் மலையாளம் கைக்குள் அடங்கும் என்பது அவருடைய எண்ணம். சதுரமான கருங்கல் மதில், முனைகளில் திரண்ட கொத்தளங்கள், சுற்றிலும் ஆழ்ந்த அகழி என அமைந்த இக்கோட்டை, உண்மையில் ஒரு பெரிய களஞ்சியத்தின் பூட்டு.

அப்பூட்டு எத்தனை முறை கை மாறிற்று என்பதைக் காணுங்கள். முதல் மைசூர்ப் போரில், 1768ஆம் ஆண்டு, கர்னல் உட் என்பவர் இதனைப் பிடித்தார். கொங்குநாட்டுக் கோட்டைகள் பலவற்றையும் அவ்வாண்டே பிடித்தார். ஆனால் பிடித்த கோட்டை ஒவ்வொன்றிலும் சிறு காவற்படையை விட்டுவிட்டு மேலே சென்றமையால், அவருடைய படை உப்பு நீரில் கரைவதுபோல் கரைந்தது. அவ்வாண்டின் கடைசியில் ஐதர் மலையிறங்கி வந்தபோது அத்தனை கோட்டைகளும் சில வாரங்களில் அவர் கைக்குத் திரும்பின, பாலக்காடும் திரும்பிற்று. போர்க்கலை நூலோர் இன்றும் எச்சரிக்கும் பிழை இது: எல்லா இடத்தையும் காக்க முயல்பவன் எந்த இடத்தையும் காப்பதில்லை.

இரண்டாம் போரில் 1782ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து கர்னல் ஹம்பர்ஸ்டன் கோட்டையை நோக்கி வந்தார். கிட்ட வந்து பார்த்தபோதுதான், தம்மிடமிருந்த தளவாடங்களால் இம்மதிலை உடைக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. பொதிகளை இழந்து பொன்னானிக்குப் பின்வாங்கினார். திப்பு விரட்டிச் சென்று நவம்பர் இறுதியில் பொன்னானியைத் தாக்கினார், வெற்றி கிட்டவில்லை. மீண்டும் தாக்கியிருப்பார், ஆனால் டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே ஐதர் இறந்தார். செய்தி எட்டியதும் திப்பு முற்றுகையை விட்டுவிட்டு இதே கணவாய் வழியாகக் கிழக்கே விரைந்தார். ஒரு தந்தையின் மரணம் ஒரு படையைக் காத்தது.

அடுத்த ஆண்டு வந்தவரே நம் கவனத்திற்கு உரியவர். அவர் பெயர் கர்னல் வில்லியம் புல்லர்ட்டன். பாஞ்சாலங்குறிச்சியை 1783 ஆகஸ்டில் தாக்கிப் பிடித்த அதே புல்லர்ட்டன் இவர். வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்திய தலைமுறையில் நடந்த அப்போரை நம் பள்ளிப்பிள்ளைகள் அறியார். சிவகிரியையும் அடக்கிவிட்டு அவர் பழனி வழியாக மேற்கே திரும்பினார். ஆனைமலைக் காட்டுக்குள் மழை விடாமல் பெய்தது. மரங்களை வெட்டி, பள்ளங்களைத் தூர்த்து, சேற்றில் புதைந்த பீரங்கிகளை மாடும் மனிதருமாக இழுத்துக் கணவாயை அடைந்தனர். நவம்பரில் முற்றுகை தொடங்கிற்று. ஒரு நாள் பெருமழை கொட்டியபோது, அகழிக்கு அப்பாலிருந்த காவல் நடையில் நின்றவர் மழைக்கு ஒதுங்கிய வேளை பார்த்துக் கேப்டன் மெயிட்லண்ட் என்பவர் சிறு படையுடன் பாய்ந்தார். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே முதல் வாயிலையும் இரண்டாம் வாயிலையும் கடந்துவிட்டார். கோட்டை பணிந்தது. இரண்டு வாரத்துக்குள் கோயமுத்தூரும் வீழ்ந்தது.

புல்லர்ட்டனுடைய திட்டம் நுட்பமானது. அவர் பாலக்காட்டை ஒரு வெற்றிச் சின்னமாகக் கருதவில்லை. இங்கிருந்தால் மேற்கே கடற்கரையோடும் தெற்கே மதுரை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளோடும் தொடர்பு அறுபடாது. இரு பக்கத்து நெல்லும் வந்து சேரும். அதன்பின் சீரங்கப்பட்டணம் செல்லலாம் என்பது கருத்து. நெல்லை முதலில் எண்ணியவர் என்பதால்தான் அவர் திட்டத்தைப் பிற்காலத்தார் போற்றினர். ஆயினும் சமாதானப் பேச்சுத் தொடங்கியதால், பிடித்த கோட்டைகளை விட்டுத் திரும்புமாறு அவருக்கு ஆணை வந்தது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

இனி, 'நாம் எந்தப் பக்கம்?' என்ற கேள்வி. புல்லர்ட்டனுடன் ஆனைமலைச் சேற்றில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த சிப்பாய்கள். அப்படைக்கு ஆள் சேர்த்தது தமிழ், தெலுங்குச் சீமைகளில். எதிரே மதிலுக்குள் இருந்த மைசூர்ப் படைக்கோ, அந்நாளில் மைசூர் ஆட்சியில் இருந்த கொங்குநாடும் திண்டுக்கல்லும் நெல்லும் கம்பும் மாடும் ஆளும் கொடுத்தன. வெளியே தமிழன் இழுத்த பீரங்கி, உள்ளே தமிழன் விளைத்த தானியத்தை நோக்கிச் சுட்டது. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் அதற்கும் நெடுங்காலம் முன்பே குடியேறியிருந்த தமிழ்க் குடும்பங்கள், எந்தப் படை வந்தாலும் கதவடைத்துக் காத்திருந்தன. ஆகவே, 'பிழைக்க வந்தவர்களுக்குப் பக்கம் இல்லை' என்று நம் நண்பர் கூறியதும் சரியன்று. எல்லாப் பக்கத்திலும் நாம் இருந்தோம். எந்தப் பக்கம் என்று நம்மை எவரும் கேட்கவில்லை.

போர் என்றால் வாளும் வீரமும் என்று மேடையில் முழங்குகிறோம். அக்காலப் போரை நடத்தியவை மாடுகள். முற்றுகைப் பீரங்கி ஒன்றை இழுக்க முப்பது நாற்பது மாடுகள் தேவைப்பட்டன. குண்டுக்கும் மருந்துக்கும் அரிசிக்கும் வேறு மாடுகள். அம்மாடுகளுக்குப் புல் இல்லையேல் படை இல்லை. 1791 மே மாதத்தில் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தின் மதிலுக்கு எதிரே வரை வந்து, களத்தில் வெற்றியும் பெற்று, மாடுகள் மடிந்து தானியமும் தீர்ந்துபோனமையால் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. ஆனால் அம்மாடுகளை ஓட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நூல்களில் இல்லை. பீரங்கிகளின் எண்ணிக்கை பக்கந்தோறும் இருக்கிறது.

மூன்றாம் போர் மூண்டது 1789 டிசம்பரில். திப்பு கோயமுத்தூரிலிருந்து இக்கணவாய் வழியாக இறங்கித் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். அந்த நெடுமதில் கடற்கரையில் தொடங்கி ஆனைமலையின் அடிவாரத்தில் முடிந்தது. முதல் தாக்குதல் தோற்றது. 1790 ஏப்ரலில் மதில் உடைந்தது. ஆயினும் மழையும் ஆங்கிலேயர் கிழக்கே திரளும் செய்தியும் அவரை ஆலுவாயிலிருந்து திருப்பிவிட்டன. பின் ஜெனரல் மெடோஸ் கோயமுத்தூரைப் பிடித்துக் கர்னல் ஸ்டூவர்ட்டைப் பாலக்காட்டுக்கு அனுப்பினார். கோயமுத்தூரில் வெயில், கணவாய்க்குள் நுழைந்தாலோ வானம் பிளந்ததுபோல் மழை. ஸ்டூவர்ட் திரும்பிப்போய், முதலில் திண்டுக்கல்லைப் பிடித்துவிட்டுச் செப்டம்பரில் மறுபடி வந்தார். இம்முறை பீரங்கிகள் முழங்கிய சிறிது நேரத்திலேயே கோட்டை பணிந்தது. பணிந்தவர்கள் கேட்ட முக்கிய நிபந்தனை யாது தெரியுமா? ஆங்கிலேயர் பாளையத்தில் இருக்கும் நாயர்களிடமிருந்து தம்மைக் காக்க வேண்டும் என்பதே. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் மழையில் நடந்தது அவ்விரு பக்கத்தாருக்கும் மறக்கவில்லை.

பாலக்காட்டின் மதிப்பு அடுத்த ஆண்டு இன்னும் தெளிவாயிற்று. கோயமுத்தூர்க் கோட்டையை நெடுநாள் காக்க இயலாது என்று கருதி, அங்கிருந்த நல்ல பீரங்கிகளையும் சரக்குகளையும் முப்பது மைல் தொலைவிலுள்ள பாலக்காட்டுக்கு மாற்றிவிட்டனர். உதவாத பீரங்கிகள் சிலவற்றோடு கோயமுத்தூரில் விடப்பட்டவர் லெப்டினண்ட் சால்மர்ஸ். திருவிதாங்கூர் வீரர் சிலரும் அவருடன் இருந்தனர். 1791 ஜூன் முதல் ஆகஸ்டு வரை திப்புவின் படையை அவர் தடுத்து நின்றார். பாலக்காட்டிலிருந்து மேஜர் கப்பேஜ் உதவிக்கு வந்தமையால் முற்றுகை விலகிற்று. மீண்டும் வந்த பெரும்படைக்கு நவம்பரில் பணிய நேர்ந்தது. சீரங்கப்பட்டணத்தில் சிறைப்பட்ட அவரையே 1792 பிப்ரவரியில் சமாதானக் கடிதம் கொடுத்துத் திப்பு அனுப்பிவைத்தார். அவ்வாண்டு மலையாளம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பூட்டுக்கு இருபுறமும் ஒரே சொந்தக்காரர் வந்தபின் பூட்டுக்கு வேலை ஏது? கோட்டை பின்னர் அலுவலகமும் சிறையுமாய் இருந்தது.

தெற்கே இடுக்கி மலைகளில் உள்ள நம் உறவினர் இவ்விடத்தில், "எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையா?" என்று கேட்பர். நடக்காததுதான் அங்குள்ள வரலாறு. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் மனிதரும் பொதிமாடுகளும் ஏறலாம். பீரங்கி வண்டி ஏறாது. குமுளியே ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மூணாறு 1,500க்கும் மேல். நெடுங்கோட்டையை மலையடிவாரத்தில் நிறுத்தியவர்கள், அதற்குமேல் காவலுக்கு மலையே போதும் என்று கருதியது சரியாகவே இருந்தது. திப்புவைத் துரத்திக்கொண்டு ஆர்தர் வெல்லெஸ்லி மூணாற்று மலைக்கு வந்தார் என்றொரு கதை அங்கு வழங்குகிறது. திப்பு திருவிதாங்கூரில் இருந்தது 1790இல். வெல்லெஸ்லி இந்தியாவில் கால் வைத்தது 1797இல். கதை சுவையானது, ஆண்டுகள் இடங்கொடா. அம்மலைகளை முறையாக அளந்தவர்கள் 1816 முதல் 1820 வரை வேலை செய்த வார்டு, கானர் என்னும் இரு லெப்டினண்டுகள். 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ குத்தகை பெற்றபின் தோட்டங்கள் தோன்றின. பீரங்கி ஏறாத மெட்டுகளில் நம் முன்னோர் தலைச்சுமையோடு ஏறினர். 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்ததும் படையால் அன்று, சட்டத்தால். அதனால் எழுந்த மனக்கசப்பு சில வீடுகளில் இன்னும் தீரவில்லை என்பதை நாம் அறிவோம்.

கணவாயின் படைவாழ்வு கோட்டையோடு முடிந்துவிடவில்லை. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை இருப்புப்பாதை இவ்வழியே முடிந்தது. மாடு செய்த வேலையை நீராவி செய்யலாயிற்று. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைத் திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து இப்பாதையில்தான் கொண்டுவந்தனர். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பிணங்கள் கிடந்தன. மூச்சுத் திணறி மாண்டவர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

இரண்டாம் உலகப்போரில் 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. கிழக்குக் கடற்கரை நடுங்கிற்று. கோயமுத்தூரிலும் சூலூரிலும் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களுக்கு நிலையங்கள் அமைத்தது. கடலிலிருந்து விலகிய இடம், ஆயினும் கொச்சித் துறைமுகத்துக்கு இருப்புப்பாதையில் நேர்வழி. புல்லர்ட்டன் நெல்லுக்காக எண்ணிய அதே கணக்கு, இம்முறை விமான உறுப்புகளுக்காக. ஜாவா ஜப்பானியர் கைப்பட்டதும் கொயினா மருந்துக்குப் பஞ்சம் வந்தது. பர்மாப் போர்முனையில் குண்டைவிடக் காய்ச்சல் மிகுதியாகப் படைகளை வீழ்த்திற்று. அப்போது ஆனைமலையில் அரசினர் நட்டிருந்த சிங்கோனா மரங்களின் பட்டைக்கு மதிப்பு ஏறிற்று. வால்பாறை அருகே சிங்கோனா என்றே ஓர் ஊர் இருப்பதை நம்மில் பலர் அறிவர். அத்தோட்டங்களில் உழைத்தவர்களும் நம்மவரே. சூலூர் இன்று இந்திய விமானப்படையின் தளம். 2020 மே மாதத்தில் 18ஆம் படைப்பிரிவு தேஜஸ் விமானங்களோடு அங்குப் பணி தொடங்கிற்று.

அச்சிறுவன் இவ்வாண்டு ஒரு வகுப்பு ஏறியிருக்கிறான். மீண்டும் கோட்டைக்குப் போக வேண்டும் என்று கேட்கிறான். சென்ற முறை நாம் பிப்ரவரி வெயிலில் சென்றோம். அகழியில் நீர் தாழ்ந்திருந்தது. இம்முறை ஜூலையில் செல்லலாம் என்று செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறோம். குடை கொண்டுவர வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வரும் குழந்தைகள், எந்த இடத்தில் வெயில் நின்று மழை தொடங்குகிறது என்பதைச் சன்னல் வழியே குறித்துக்கொண்டு வரட்டும். கர்னல் ஸ்டூவர்ட் தம் மாடுகளைத் திருப்பியது அதற்குச் சற்று மேற்கே இருக்கலாம்.